சனல் போனா கழட்டிப் போடுவன்

எட்டு மணிக்கு இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது. அம்மா தேத்தண்ணிக் கோப்பையைக் கதிரைக் கையில் வைத்துவிட்டு ரிமோட்டை அமத்தினார். நாடகத்தின் பாட்டு வரவில்லை. நீலத் திரையும், அதன் நடுவில் இந்தச் சனல் இப்போது உங்கள் பொதியில் இல்லை என்று இரண்டு வரியும்தான் வந்தன. அம்மா கண்ணாடியைப் போட்டு வாசித்தார். கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்துப் போட்டுத் திரும்பவும் வாசித்தார்.

"தம்பி, இஞ்ச வா. ஏதோ எழுதிக் கிடக்கு."

நான் பெட்டியை நிப்பாட்டிப் போட்டேன். பின்னால் வயரைக் கழற்றி ஊதிச் செருகினேன். எதற்கும் பலனில்லை என்று தெரிந்துதான் செய்தேன். அம்மா பக்கத்தில் நிற்கும்போது ஏதாவது செய்தாக வேண்டும். பிறகு கம்பனிக்கு அழைத்தேன். கம்பனியின் பெயர் இங்கே வேண்டாம், எல்லாக் கம்பனியும் ஒரே மாதிரித்தான் பதில் சொல்லும். பத்து நிமிடம் பாட்டுப் போட்டுவிட்டு ஒரு பிள்ளை வந்து, "ஐயா, அந்தச் சனல்காரரோட பேச்சுவார்த்தை நடக்குது, எப்ப வருமெண்டு சொல்ல ஏலாது" என்றது. பாவம், அந்தப் பிள்ளைக்கு அதைவிட ஒன்றும் தெரிந்திருக்காது.

அன்றிரவு வீட்டில் மாநாடு. மனைவி, "மாசாமாசம் காசு மட்டும் சரியா எடுக்கினம்தானே, நாளைக்கே மாத்துங்கோ" என்றாள். அம்மா இன்னும் ஒரு படி மேலே போய், "கழட்டி எறி" என்றார். மகன் போனிலிருந்து தலையைத் தூக்காமலே, "அப்பம்மா, இதில பாருங்கோவன்" என்றான். நான், "இந்த மாசம் முடியட்டும், மாத்துவம்" என்று தீர்ப்புச் சொன்னேன்.

அது போன வருசம் ஐப்பசி. அதே பெட்டி இப்போதும் எங்கள் ரீவிக்குக் கீழேதான் இருக்கிறது. அம்மா மூன்று நாள் முறைத்தார். நாலாம் நாள் டோர்ச் லைட்டைத் தேடினார். அது ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இப்படித்தான் முடியும் என்று மற்ற யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஏனென்றால் 2010இலிருந்து மூன்று வருசம் நான் திருமலையில், அதாவது இலங்கையின் திருகோணமலையில், டிஷ் பூட்டித் திரிந்தவன். சண்டை முடிந்து ரோட்டெல்லாம் திறந்துவிட்ட காலம். வீட்டுக்குக் கூரை போட்ட கையோடு சனம் டிஷ் பூட்டியது. சில இடங்களில் கூரைக்கு முன்னமே டிஷ் வந்துவிட்டது. தகரக் கொட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு இரும்புக் குழாயை நட்டு அதன் தலையில் பூட்டிக் கொடுத்திருக்கிறேன். ஒரு டிஷ்ஷுக்கு முதலாளி முந்நூறு ரூபா தருவார், வீட்டுக்காரர் தேத்தண்ணி தருவார்.

அந்த வேலை பார்த்தவனுக்குத் தெருவில் நடக்கும்போது ஒரு கெட்ட பழக்கம் ஒட்டிக்கொள்ளும். வீட்டைப் பார்க்கமாட்டான், கூரையைப் பார்ப்பான். டிஷ் எந்தப் பக்கம் முகம் திருப்பியிருக்கிறது என்பதை வைத்தே உள்ளே என்ன பெட்டி ஓடுகிறது என்று சொல்லிவிடுவான். செய்மதிகள் எல்லாம் பூமத்திய ரேகைக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில் வரிசையாக நிற்கின்றன. திருமலை கிட்டத்தட்ட 81 பாகை கிழக்கில் கிடக்கிறது. சன் டைரக்ட் என்ற இந்தியக் கம்பனியின் செய்மதி 90 பாகை தாண்டி நிற்பதால் அந்த டிஷ்ஷெல்லாம் தென்கிழக்கே, கொட்டியாரக் குடாவுக்கு மேலால் பார்க்கும். அதுவும் வானத்தில் மிக உயரத்தில். அதனால் ஊரில் தென்னை, மாமரத் தொல்லை அவ்வளவு இல்லை. மேற்கே பார்க்கிற டிஷ் என்றால்தான் பக்கத்து வீட்டு மாமரக் கொப்பு வெட்டச் சண்டை வரும். ஒரே கூரையில் இரண்டு டிஷ் இரண்டு திசை பார்த்துக்கொண்டிருந்தால் அந்த வீட்டில் மாமியும் மருமகளும் ஒன்றாக இருக்கிறார்கள் என்று முதலாளி சொல்வார். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும்.

நான் பூட்டிய இந்தியப் பெட்டி இங்கே விற்பனைக்கு அனுமதி பெற்ற சாமான் இல்லை. தமிழ்நாட்டில் யாருடையதோ முகவரியில் பதிந்து, கொழும்பு வழியாக வந்து, ஆள் மூலமாக ரீசார்ஜ் பண்ணி ஓடுவது. உள்ளூர்ப் பெட்டிக்குப் போடுவது ரீலோட், இந்தியப் பெட்டிக்குப் பண்ணுவது ரீசார்ஜ். ஒரே காரியம்தான். ஆனாலும் எங்கள் ஊரில் யாரும் இந்த இரண்டு சொல்லையும் மாற்றிச் சொல்லிக் கேட்டதில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சங்கதி நடந்தது. 2010 ஜூலையில் இந்தியாவின் இன்சாட்-4பி செய்மதியில் மின்சாரக் கோளாறு வந்து அதன் அலைபரப்பிக் கருவிகளில் பாதியை நிறுத்த வேண்டியதாயிற்று. சன் டைரக்ட் அந்தச் செய்மதியை நம்பித்தான் ஓடியது. அவர்கள் மீசாட்-3 என்ற மலேசியச் செய்மதிக்கு மாறினார்கள். 93.5 பாகையில் நின்றதைப் பார்த்த டிஷ் இனி 91.5 பாகையைப் பார்க்க வேண்டும். வானத்தில் இரண்டு பாகை, டிஷ்ஷில் அது ஒரு விரலளவு திருப்பம். அந்த ஒரு விரலுக்காக ஆள் ஏற வேண்டும், நட்டுத் தளர்த்த வேண்டும், மீட்டர் கீச்சிடும் வரை அசைக்க வேண்டும்.

ஒரு சனல் இல்லை, மொத்தமாக எல்லாமே போன நேரம். கம்பனி மாற இதைவிட நல்ல சாட்டு கிடைக்காது. நான் ஏறிய வீடுகளில் யாரும் மாறவில்லை. "தம்பி, கெதியா வந்து திருப்பி விடுங்கோ" என்றுதான் சொன்னார்கள். முதலாளி அந்த மாதம் புது மோட்டார் சைக்கிள் எடுத்தார்.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது, இதையெல்லாம் யோசிக்கவில்லை. பிறகுதான் ஒரு வீட்டில் பிடிபட்டது.

திருக்கடலூர். கடலிலிருந்து கல்லெறி தூரம். அங்கே நட்டெல்லாம் ஒரு வருசத்தில் துருப்பிடித்து வெற்றிலைக் காவி நிறத்துக்கு வந்துவிடும். கிறீஸ் பூசினாலும் இரண்டாம் வருசம் இறுகிவிடும். வீட்டுக்காரர் கடற்றொழில், கோபக்காரர். அவர் இரவில் பார்க்கிற படச் சனல் ஒன்றைக் கம்பனி எடுத்துவிட்டது. கடைக்கு வந்து, "உடனே ஆள் அனுப்பு, கழட்டவேணும், மற்றப் பெட்டி பூட்டவேணும்" என்று சத்தம் போட்டார். நான் ஏணியோடு போனேன். கூரைச் சீற்றில் கால் வைக்காமல் மரத்தில் மட்டும் வைத்து ஏறி, முதல் நட்டுக்கு மண்ணெண்ணெய் விட்டு, ஸ்பானரில் தொங்கித் தொங்கித் திருப்பினேன். இரண்டாவது நட்டுக் கழன்றபோது கீழே அவருடைய மனைவி வந்து நின்றார்.

"தம்பி, மற்றப் பெட்டியில காலமை தேவாரம் போற சனல் வருமோ?"

வராது என்றேன். அவர் கணவனைப் பார்த்தார். பேச்சில்லை. உள்ளேயிருந்து சின்னப் பெடியன் ஓடி வந்து ஏதோ கார்ட்டூன் பெயர் கேட்டான். அது வரும், ஆனால் தமிழில் வராது என்றேன். பெடியன் அழத் தொடங்கினான். திண்ணையில் படுத்திருந்த கிழவர் எழும்பி இருந்து, செய்தி எத்தனை மணிக்கு என்றார். வீட்டுக்காரர் ஒரு பீடியைப் பற்றவைத்துக் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். பீடி முடிந்ததும் அண்ணாந்து, "இறுக்கு" என்றார்.

நான் இறுக்கிவிட்டுத் தேத்தண்ணி குடித்துவிட்டு இறங்கி வந்தேன். கழட்டக் கூலி, பூட்டக் கூலி இரண்டும் தந்தார். அந்த நேர்மைக்காகவே அவரை இப்போதும் ரோட்டில் கண்டால் சைக்கிளை நிறுத்துவேன்.

கம்பனிக்காரர் வீட்டை ஒரு வாடிக்கையாளராகத்தான் எண்ணுகிறார்கள், கணக்கு அப்படித்தான் போட முடியும். ஆனால் ஒரு வீட்டில் ரிமோட் ஒன்று, அதற்கு நேர்த்திக்கடன் வைத்தவர்கள் நாலு பேர். ஒருவருக்குப் போன சனல் மற்ற மூன்று பேருக்குப் போகவில்லை. சனல் போனவர் மாற வேண்டும் என்றால் தன் வீட்டுக்காரர் மூன்று பேரின் சனலைத் தானே பறிக்க வேண்டும். கம்பனி ஒரே ஆளிடம் பறித்தது, இவர் மூன்று பேரிடம் பறிப்பார். அந்தப் பழியை எந்தத் தகப்பனும் சுமக்கமாட்டான். அதோடு புதுப் பெட்டிக்கு முழுக் காசையும் ஒரே தடவையில் எடுத்து வைக்க வேண்டும், மீன் பாடு இல்லாத மாதத்தில் அது வராது.

யாருமே மாறவில்லை என்று சொன்னால் அது பொய். மாறியவர்கள் இருக்கிறார்கள். ஒருவரைச் சொல்கிறேன். கிண்ணியாவில் தேத்தண்ணிக்கடை வைத்திருந்த நானா. 2009இல் பாலம் திறந்தபிறகு அந்தப் பக்கமும் எங்கள் கடைக்கு நல்ல வேலை. அதற்கு முன் பாதை என்கிற மிதவைப் படகில் ஏறித்தான் போக வேண்டும், ஏணியைப் பாதையில் ஏற்றுவது ஒரு தனிக் கதை. ஐ.பி.எல். நடக்கிற மாதம். நானாவின் பெட்டியில் கிரிக்கெட் சனல் இரவோடிரவாக நின்றுவிட்டது. காலையில் சுபஹ் தொழுதுவிட்டு நேராக முதலாளிக்கு அழைத்தார். லுஹர் தொழுகைக்குப் பள்ளியில் பாங்கு சொல்லும் நேரம் புது டிஷ் கூரையில். கழட்டிய டிஷ்ஷை என்ன செய்வது என்று கேட்டேன். "அந்தா அங்கால போடு" என்றார், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவருக்குக் கிரிக்கெட்டில் பெரிய பற்று ஒன்றும் கிடையாது. எந்த அணி ஆடுகிறது என்றுகூடப் பிள்ளைகளிடம்தான் கேட்பார். ஆனால் மட்ச் இரவில் கடையில் எத்தனை பிளேன்ரீ, எத்தனை ரோல்ஸ் போகும் என்பது அவருக்கு மனக்கணக்கு. ரோட்டுக்கு எதிர்ப்பக்கக் கடையிலும் ரீவி இருந்தது. சனல் போனதால் கல்லாப்பெட்டியில் காசு குறைகிறவர் அன்றைக்கே மாறினார். பொழுதுபோக்கு மட்டும் குறைகிறவர் ஏசினார், பெருமூச்சு விட்டார், வேறு சனலைப் பழகிக்கொண்டார். என் மூன்று வருச அனுபவத்தில் இந்தக் கோட்டைத் தாண்டிய ஆட்களை விரல் விட்டு எண்ணலாம். மாட்டுத்தொழுவம் மாதிரி எல்லாரும் ஒன்றாக இருந்து பார்க்கிற ஹோட்டல், சலூன், விடுதி. இவர்கள்தான் மாறுகிறவர்கள். நிலாவெளிப் பக்கம் வெள்ளைக்காரர் தங்குகிற விடுதிக்காரர் ஒருவர் உதைபந்தாட்டத்துக்காக ஒரே சீசனில் இரண்டு தடவை மாறினார்.

இந்த இழுபறியின் தாய்வீடு அமெரிக்கா. அங்கே சனல்காரரும் விநியோகக்காரரும் வருசத்துக்கு வருசம் இதே சண்டைதான். 2012 ஜூலையில் டிஷ் நெட்வேர்க் ஏ.எம்.சி. சனலை எடுத்தது, ஒக்டோபரில்தான் திரும்பி வந்தது. 2018 நவம்பரில் அதே டிஷ்ஷிலிருந்து எச்.பி.ஓ. போனது, வர 2021 ஆனது. கிட்டத்தட்ட மூன்று வருசம். சனம் சமாளித்தது. ஆனால் 2023இல் சார்ட்டர் என்ற கேபிள் கம்பனிக்கும் டிஸ்னிக்கும் முறிந்தபோது பன்னிரண்டு நாளுக்குள் கை குலுக்கிவிட்டார்கள். அது செப்டெம்பர் 11, திங்கட்கிழமை இரவு அமெரிக்க உதைபந்தாட்டம் தொடங்குவதற்குச் சில மணித்தியாலம் முன்னதாக. நாடகம் மூன்று வருசம் காத்திருக்கும், விளையாட்டுக்கு ஒரு மாலை கூடப் பொறுக்காது. கிண்ணியா நானா இதைக் கேட்டால் ஆச்சரியப்படமாட்டார்.

தமிழ்நாட்டில் நடந்தது எங்களுக்கு இன்னும் கிட்ட. 2011 செப்டெம்பரில் அரசு கேபிளை 70 ரூபாவுக்குத் திரும்பத் தொடங்கினார்கள். ஆரம்பத்தில் சன் குழுமத்தின் கட்டணச் சனல்கள் அதில் இல்லை. எழுபது ரூபாவா எட்டு மணி நாடகமா என்று வீட்டுக்கு வீடு யோசிக்க வேண்டி வந்தது. பிறகு 2019 பெப்ரவரியில் இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் ஒவ்வொரு சனலுக்கும் தனித்தனி விலை போடச் சொல்லி, வேண்டியதை மட்டும் எடு என்றது. கட்டாகத் தருவதில் சேர்க்கிற சனல் 19 ரூபாவுக்கு மேல் போகக்கூடாது என்று ஒரு உச்சவரம்பும் வைத்தது. கத்தரிக்காய் நிறுப்பதுபோல் சனலை நிறுத்து விற்கிற காலம் வந்தது.

அந்த ஞாபகத்தில் ஒரு நாள் அம்மாவிடம் கேட்டேன். "இந்தச் சனலை மட்டும் தனியாத் தந்தா மாசம் எவ்வளவு குடுப்பியள்?"

அம்மா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "காத்தில வாறதுக்கு என்னத்துக்குக் காசு?"

உயிர் போகிற சனல்தான். விலை கேட்டால் சதம் பெறாது. அம்மாவைப் பழித்துச் சொல்லவில்லை. ரூபவாஹினி 1982இல் தொடங்கியபோது எங்கள் ஒழுங்கையில் ஒரே ஒரு வீட்டில்தான் பெட்டி இருந்ததாம். அம்மா அங்கேதான் போய் நிலத்தில் இருந்து பார்த்தாராம். அன்ரனாவில் வந்ததுக்கு மாசாமாசம் பில் இல்லை. வானத்துக்கு யாராவது பில் போடலாம் என்பது அந்தத் தலைமுறைக்கு ஏற்கவே ஏலாத சங்கதி.

என்னைக் கேட்டால், எந்தக் கம்பனிக்கும் பெரிய எதிரி மற்றக் கம்பனி இல்லை. எங்கள் வீட்டிலேயே அதைக் கண்டேன். 2022ஐ யாரும் மறந்திருக்கமாட்டோம். மார்ச் முடிவில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. டொலர் 200இலிருந்து இரண்டு மாதத்துக்குள் 360ஐத் தொட்டது. பெற்றோல் வரிசையில் இரவு படுக்கிற ஆளுக்கு ரீவி ரீலோட் எங்கே ஞாபகம் வரும்? எங்கள் ஒழுங்கையில் அந்த ஏப்ரலில் ரீலோட் முடிந்த வீடுகளில் சிலது பிறகு போடவேயில்லை. யாரும் கம்பனிக்கு அழைத்து ஏசவில்லை, கடிதம் எழுதவில்லை, "நான் மாறுறன்" என்று அறிவிக்கவில்லை. ரீவி கறுப்பாக இருந்தது. பிறகு அதன் மேல் ஒரு துணி விழுந்தது. பிள்ளைகள் போனில் பார்த்தார்கள். 2023இல் ஐ.பி.எல்லே இந்தியாவில் போனுக்கு இலவசமாகப் போனபிறகு டிஷ்ஷோடு மல்லுக்கட்ட அந்த வயதுக்காரருக்கு ஒரு காரணமும் இல்லை. என் மகன் ரிமோட்டைக் கையில் எடுத்து எத்தனை மாதம் என்று அவனுக்கே தெரியாது. "சனல் போனா கழட்டிப் போடுவன்" என்று சத்தம் போடுகிறவன் இன்னும் பத்து வருசம் காசு கட்டுவான். சத்தம் போடாதவன் போய்க் கனகாலம்.

போன பங்குனியில் ஒரு வேலையாகத் திருக்கடலூருக்குப் போனேன். பழக்க தோஷம், கூரையைத்தான் பார்த்தேன். அந்தக் கோபக்காரர் வீட்டுக் கூரையில் குழாய் மட்டும் நின்றது. டிஷ் முற்றத்தில், நாலு கல்லுக்கு மேல் மல்லாக்கக் கிடந்தது. சிக்னல் வாங்குகிற எல்.என்.பி.யைப் பிடிக்கிற கையை வெட்டி எடுத்திருந்தார்கள். உள்ளே உப்புப் போட்ட நெத்தலி பரவியிருந்தது. காகம் வராமல் மேலே பழைய வலைத்துண்டு. குழிந்த தகரம் சூட்டை நன்றாகப் பிடிக்கும், அரை நாளில் காய்ந்துவிடும் என்றார் அவர் மனைவி. காலமைத் தேவாரம் இப்போது மகள் வாங்கிக் கொடுத்த போனில் கேட்கிறாராம். கம்பனி என்ன செய்தது என்று கேட்டேன். அவருக்கு விளங்கவில்லை.

"எந்தக் கொம்பனி, தம்பி?"

இனி அம்மாவின் டோர்ச் லைட். சனல் போன நாலாம் நாள் அம்மா எட்டு மணிக்குக் கால் மணி முந்தி செருப்பைப் போட்டார். நாலு வீடு தள்ளி ஒரு மாமி இருக்கிறார், புருசன் இல்லை, பிள்ளைகள் கனடாவில். அவர் வீட்டில் வேறு கம்பனிப் பெட்டி. ஒழுங்கையில் லைட் இல்லை, மழைக்காலத்தில் தண்ணி நிற்கும், கோட்டைப் பக்கமிருந்து சில நாளில் மான் இரண்டு வந்து வேலியோரம் படுத்திருக்கும். அதனால் டோர்ச். முதல் நாள் வெறுங்கையோடு போனார். இரண்டாம் நாள் ஒரு கிண்ணத்தில் பிட்டும் சம்பலும். கார்த்திகை மார்கழி வாடையிலும் குடையோடு போனார். பலத்த மழை வந்தால் செய்மதியின் சிக்னல் எந்தக் கம்பனிக்கும் விழும், மாமி வீட்டு ரீவியும் இருண்டுதான் போகும். அந்த இரவுகளிலும் அம்மா ஒன்பது மணிக்குத்தான் வந்தார்.

மாசியில் ஒரு நாள் சும்மா ரிமோட்டைத் தட்டிக்கொண்டு போனபோது அந்த இலக்கத்தில் படம் வந்தது. பேச்சுவார்த்தை முடிந்துவிட்டது போல. எனக்கே ஒரு சந்தோசம்.

"அம்மா, இஞ்ச ஓடி வாங்கோ. உங்கட சனல் வந்திட்டுது."

அம்மா குசினியிலிருந்து எட்டிப் பார்த்தார். திரையில் நாடகத்தின் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. "ஓ, வந்திட்டுதே" என்றார். பிறகு அலுமாரிக்கு மேலே கையை நீட்டித் துழாவினார்.

"தம்பி, இந்த டோர்ச்சுக்கு பற்றரி மாத்த வேணுமெண்டு உனக்கு எத்தினை தரம் சொன்னனான்?"